தொட்டபெட்டாவின் உயரமும் 794 இலக்க எண்ணும்: 2^2637 − 1-இன் பகாக்காரணிகள்

கோத்தகிரி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர் என்பது நீலகிரிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் அந்த உயரத்தையே அடுக்காக வைத்து, 2^2637-இலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது பகா எண்ணா, பகு எண்ணா என்று கேட்டார். பகு எண் என்று உடனே சொல்லிவிட முடிந்தது. ஆனால் அதன் பகாக்காரணிகளில் எத்தனையைக் கணினியின் துணையின்றித் தாளில் கண்டுபிடிக்க முடியும் என்பது அத்தனை எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று. அதற்காகவே இந்த இழை.

எண்ணின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டின் மடக்கை மதிப்பான 0.30103-ஐ 2637-ஆல் பெருக்கினால் 793.816 வருகிறது, ஆகவே எண்ணுக்கு 794 இலக்கங்கள். தசமப் பகுதியைக் கொண்டு பார்த்தால் அது 6547 என்று தொடங்குகிறது. இரண்டின் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்கள், தொடக்கத்தில் வரும் 2-ஐ விட்டுவிட்டால், இருபது அடுக்குகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 2^2637-இன் முடிவு 2^17-இன் முடிவாகிய 72. ஒன்றைக் கழித்தால் 71. இடையிலுள்ள இலக்கங்களை எழுதிக்கொள்ளத் தேவையே இல்லை. எழுதினாலும் காரணி தேடுவதற்கு அவை உதவப்போவதில்லை.

குன்னூர்க் கணக்கர்:

ஆசிரியருக்கு வணக்கம். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு எதையும் கட்டுக் கட்டாகப் பிரித்துத்தான் பழக்கம். இந்த எண்ணை இரும எண்முறையில் எழுதினால் 2637 ஒன்றுகள் இடைவெளியின்றி வரிசையாக நிற்கும்; பூச்சியமே கிடையாது. 2637 = 9 × 293 என்பதால் அந்த ஒன்றுகளை ஒன்பது ஒன்பதாகக் கட்டினால் 293 கட்டுகள் மிச்சமின்றி அமையும். ஒன்பது ஒன்றுகள் கொண்ட கட்டின் மதிப்பு 511. எல்லாக் கட்டுகளும் ஒன்றே போலிருப்பதால் முழு எண்ணும் 511-ஆல் வகுபட்டாக வேண்டும். 511 = 7 × 73. ஆகவே இரண்டு பகாக்காரணிகள் ஒரு வரி எழுத்திலேயே கிடைத்துவிட்டன.

மூன்றால் வகுபடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டின் ஒற்றை அடுக்கை மூன்றால் வகுத்தால் எப்போதும் 2 மீதி வரும்; ஒன்றைக் கழித்தால் 1 மீதி. முடிவு 71 என்பதால் ஐந்தும் இல்லை.

கேத்தி மாணவன்:

ஐயா, 2^67 − 1 பற்றிப் படித்திருக்கிறேன். அது பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876-இல் நிறுவினார். ஆனால் அவரால் ஒரு காரணியையும் காட்ட முடியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று அதைப் பிரித்துக் காட்டினார். இருபத்தோர் இலக்க எண்ணுக்கே அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்போது, 794 இலக்க எண்ணுக்கு 7, 73 ஆகிய இரண்டும் இத்தனை எளிதாகக் கிடைத்தது எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த இரண்டையும் வகுத்து நீக்கிய பிறகு எஞ்சுவது பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டா?

கோத்தகிரி ஆசிரியர்:

வாய்ப்பே இல்லை, தம்பி. கணக்கர் ஐயா ஒன்பது ஒன்பதாகக் கட்டிய ஒன்றுகளை 293, 293 ஆகவும் கட்டலாம் அல்லவா? ஒன்பது கட்டுகள் கிடைக்கும். ஆகவே 2^293 − 1 என்னும் 89 இலக்க எண்ணும் இதன் காரணிதான். 879 ஒன்றுகள் கொண்ட மூன்று கட்டுகளாகவும் பிரிக்கலாம் என்பதால் 2^879 − 1 என்பதும் காரணி. 2637-இன் வகுஎண்கள் 1, 3, 9, 293, 879, 2637 ஆகிய ஆறும்தான். அவற்றில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு துண்டை எண்ணுக்குள் கொண்டுவருகிறது. 1 கொண்டுவருவது வெறும் 1. 3 கொண்டுவருவது 7. 9 கொண்டுவருவது 73. 293 கொண்டுவருவது 2^293 − 1.

எஞ்சிய இரண்டும்தான் கனமானவை. 2^879 − 1-ஐ 2^293 − 1-ஆல் வகுத்தால் 2^586 + 2^293 + 1 வருகிறது. அதிலிருந்து 7-ஐயும் நீக்கினால் 176 இலக்கத் துண்டு ஒன்று. அதே முறையில் 2^2637 − 1-ஐ 2^879 − 1-ஆல் வகுத்து, அதிலிருந்து 73-ஐ நீக்கினால் 528 இலக்கத் துண்டு ஒன்று. முழு எண்ணும் இந்த ஐந்து துண்டுகளின் பெருக்கற்பலனே. கோல் எடுத்துக்கொண்ட எண் இருபத்தோர் இலக்கமே கொண்டிருந்தும் முரண்டு பிடித்ததற்குக் காரணம், அதன் அடுக்கான 67 ஒரு பகா எண் என்பதுதான்; அதைக் கட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. எண்ணின் நீளத்தைவிட அதன் அமைப்பே காரணிகளைக் காட்டிக்கொடுக்கிறது என்று மாணவர்களிடம் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பண்ணைக்காடு நிரலாளர்:

பழனி மலையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. உயரத்தை மீட்டரில் அளந்ததால்தான் 2637 வந்தது. பழைய கணக்கில் 8650 அடி என்று வைத்தால் அடுக்கு இரட்டை எண்ணாகி, 2^8650 − 1 மூன்றால் வகுபட்டுவிடும். 8650 ஐந்தாலும் வகுபடுவதால் 31-உம் காரணியாக வந்துவிடும். ஆனைமுடியின் 2695 மீட்டரை எடுத்தாலோ, 2695 = 5 × 7 × 7 × 11 என்பதால் 31, 127, 23, 89 ஆகிய நான்கும் கேட்காமலேயே வந்து நிற்கும். ஆகவே இந்த எண்ணின் பண்பு மலையின் பண்பு அன்று, அளவுகோலின் தற்செயல். இதை யாரும் மறுக்கமாட்டீர்கள் என்றாலும், பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

அமைப்பு முக்கியம் என்று ஆசிரியர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எந்த அமைப்பும் இல்லாத எண்களைப் பிரிப்பது எத்தனை கடினம் என்பதற்கு ஆர்எஸ்ஏ-250 என்னும் 250 இலக்க எண் சான்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கப்பட்ட அந்த எண்ணை 2020-இல்தான் பிரிக்க முடிந்தது, அதுவும் ஏராளமான கணினிகள் இணைந்து உழைத்த பிறகு. 617 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-2048 இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கிறது. நாம் வங்கிச் செயலியில் பணம் அனுப்புவதன் பாதுகாப்பு பெரும்பாலும் இத்தகைய கணக்குகளின் கடினத்தை நம்பியே இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று முடிவு செய்வது இதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. அதற்கு விரைவான உறுதியான வழி உண்டு என்பதைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 2002-இல் நிறுவினார்கள். பகு எண் என்று தெரிந்த பிறகும் காரணி தெரியாமல் நிற்கும் நிலைமை லூக்காவோடு முடிந்துவிடவில்லை.

அதனால் என் கேள்வி இதுதான்: அந்த 176 இலக்கத் துண்டிலும் 528 இலக்கத் துண்டிலும் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

கோத்தகிரி ஆசிரியர்:

கொஞ்சம் செய்ய முடியும். பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதமே, அதாவது வகுத்து வரும் மீதியை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கே, அதற்குப் போதும்.

இந்த எண்ணுக்குப் ப என்று ஒரு பகாக்காரணி இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால் ஏதோ ஓர் அடுக்கில் முதன்முறையாக 1 மீதி வரும். அந்த அடுக்கைச் சுழற்சி நீளம் என்று அழைப்போம். 2^2637 மீதி 1 தருவதால், சுழற்சி நீளம் 2637-ஐ வகுக்க வேண்டும். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி அதே நீளம் ப − 1-ஐயும் வகுக்க வேண்டும். ஆகவே 7, 73 தவிர்த்த எந்தப் பகாக்காரணியாயினும் அதன் சுழற்சி நீளம் 293, 879, 2637 ஆகிய மூன்றில் ஒன்றுதான். ப ஒற்றை எண் என்பதால் அது முறையே 586-இன் மடங்கு கூட்டல் 1, 1758-இன் மடங்கு கூட்டல் 1, 5274-இன் மடங்கு கூட்டல் 1 என்னும் வடிவிலேயே இருக்க முடியும். கோலின் காரணியையும் இதே கண்ணோடு பாருங்கள்: 193707720 என்பது 134 × 1445580, 134 என்பது 67-இன் இரட்டிப்பு.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2637 ஒற்றை எண் என்பதால், 2^2638 என்னும் முழு வர்க்கத்தைப் ப-ஆல் வகுத்தால் 2-ஐ வகுத்தால் வரும் அதே மீதிதான் வரும். இப்படி ஒரு முழு வர்க்கத்தின் மீதியாக வருவதால் 2 ஓர் இருபடி எச்சம். அப்படியானால் ப-ஐ எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருந்தே தீர வேண்டும்.

இப்போது மூன்று வடிவுகளிலும் மிகச் சிறிய எண்ணை எடுத்துப் பார்ப்போம். 587 பகா எண்தான், ஆனால் எட்டால் வகுத்தால் 3 மீதி, விலக்கிவிடலாம். 5275 ஐந்தால் வகுபடுகிறது. எஞ்சுவது 1759. அது பகா எண். எட்டால் வகுத்தால் மீதி 7. மேலும் 1758-இன் பாதி 879. ஆய்லரின் அளவுகோலின்படி 2 இருபடி எச்சமாக இருந்தால் 2-இன் அந்தப் பாதி அடுக்கு 1 மீதி தர வேண்டும். ஆகவே 1759 என்பது 2^879 − 1-ஐ வகுக்கிறது; அதன் வழியாக நம் எண்ணையும் வகுக்கிறது. நீண்ட வகுத்தல் எதுவும் இல்லாமலே மூன்றாவது காரணி கிடைத்துவிட்டது.

தேற்றத்தை நம்ப மனமில்லாதவர்கள் நேரடியாகவே சரிபார்க்கலாம். 879 = 512 + 256 + 64 + 32 + 15. தொடர்ந்து வர்க்கப்படுத்தி 1759-ஆல் வகுத்தால் 2^15 தரும் மீதி 1106, 2^32 தருவது 1165, 2^64 தருவது 1036, 2^256 தருவது 409, 2^512 தருவது 176. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே வந்தால் 902, 443, 10 என்று இறங்கி, கடைசியில் 10 × 176 = 1760. அதிலிருந்து 1759 போனால் ஒன்று.

குன்னூர்க் கணக்கர்:

ஒவ்வொரு வரியையும் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. கடைசிப் பெருக்கலில் 1760 வந்து நிற்பது கண்ணுக்கு மிகவும் இதமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1759 எந்தத் துண்டைச் சேர்ந்தது என்றும் பார்த்தேன். 2^293-ஐ அதனால் வகுத்தால் மீதி 508, ஒன்று இல்லை. ஆகவே அது 89 இலக்க எண்ணைச் சேர்ந்தது அன்று. 508-ஐ வர்க்கப்படுத்தினால் மீதி 1250. இப்போது 1 + 508 + 1250 கூட்டிப் பாருங்கள்: சரியாக 1759. ஆசிரியர் மேலே எழுதிய 2^586 + 2^293 + 1 என்னும் கோவையை 1759 வகுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். 176 இலக்கத் துண்டு இப்போது 173 இலக்கமாகக் குறைந்துவிட்டது.

எனக்கு ஓர் ஐயம். 7, 73, 1759 ஆகியவை இந்த எண்ணில் ஒருமுறைதான் வருகின்றனவா, அல்லது வர்க்கமாகவும் வருகின்றனவா?

பண்ணைக்காடு நிரலாளர்:

ஒருமுறைதான், ஐயா. இதற்குப் பின்னால் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. 2637-இன் பகாக்காரணிகள் 3, 293 ஆகிய இரண்டும்; அவை இரண்டுமே நம் எண்ணை வகுப்பதில்லை. அந்த நிலையில் ஒரு பகா எண்ணின் வர்க்கம் நம் எண்ணை வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண் வீஃபரிக் பகா எண்ணாக, அதாவது 2^(ப−1) − 1-ஐத் தன் வர்க்கத்தாலும் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். இன்றுவரை அத்தகைய எண்கள் இரண்டே இரண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன: 1913-இல் 1093, 1922-இல் 3511. கணினிகள் எவ்வளவோ தூரம் தேடியும் மூன்றாவது அகப்படவில்லை. 1093-இன் சுழற்சி நீளம் 364, 3511-இன் சுழற்சி நீளம் 1755. இரண்டுமே 2637-ஐ வகுக்காது. ஆகவே இந்த எண்ணில் ஏதேனும் ஒரு பகாக்காரணி வர்க்கமாக ஒளிந்திருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடிப்பவர் மூன்றாவது வீஃபரிக் எண்ணையே கண்டுபிடித்தவராவார்.

89 இலக்கத் துண்டு பற்றியும் சொல்ல வேண்டும். 293 பகா எண் என்பதால் 2^293 − 1 ஒரு மெர்சென் எண், அதாவது இரண்டின் பகா அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண். ஆனால் மெர்சென் பகா எண்களின் பட்டியலில் அடுக்கு 127-க்கு அடுத்து வருவது 521 என்பதால், இது பகு எண் என்பது உறுதி. இதன் காரணிகளில் ஒன்று 40122362455616221971122353 என்னும் 26 இலக்கப் பகா எண். இதை எட்டால் வகுத்தால் 1 மீதி. 293-ஆல் வகுத்தாலும் 1 மீதி. ஆசிரியர் சொன்ன இரண்டு வடிகட்டிகளிலும் இது தேறுகிறது. வடிகட்டியில் தேறுவதாலேயே ஓர் எண் காரணியாகிவிடாது என்பதைக் கேத்தித் தம்பி மறந்துவிட வேண்டாம். இதைத் தாளில் தேடிக் கண்டுபிடிப்பது மனித ஆயுளுக்குள் நடக்கிற காரியம் அன்று. 586 படிப்படியாக ஏறிக்கொண்டு போனால் 23 இலக்க எண்ணிக்கையில் படிகள் ஏற வேண்டியிருக்கும். தாளின் எல்லை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

கேத்தி மாணவன்:

அக்கா, அந்த எல்லை தெரிந்தே 528 இலக்கத் துண்டில் சிறிய காரணி எதுவும் கிடைக்காதா என்று தேடினேன். அதன் பகாக்காரணிகள் 5274-இன் மடங்கு கூட்டல் 1 என்னும் வடிவில் இருக்க வேண்டும் என்பதால், எல்லாப் பகா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் எட்டையும் எழுதினேன். 5275, 31645 ஆகியவை ஐந்தால் வகுபடுகின்றன. 10549, 26371 ஆகியவற்றை எட்டால் வகுத்தால் முறையே 5, 3 மீதி வருகின்றன. 21097 என்பது 17 × 17 × 73. எஞ்சியவை 15823, 36919, 42193. மூன்றும் பகா எண்கள்.

2637 = 2048 + 512 + 64 + 13 என்று பிரித்து, ஆசிரியர் செய்தது போலவே வர்க்கப்படுத்தினேன். 15823-ஆல் வகுத்தால் 2^2637-இன் மீதி 9106. ஆகவே அது காரணி அன்று. ஆனால் கணக்கர் ஐயா செய்தது போல 9106-ஐ வர்க்கப்படுத்திப் பார்த்தேன், மீதி 6716. மூன்றையும் கூட்டினால் 1 + 9106 + 6716 = 15823. அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. 36919-ஆல் வகுத்தால் மீதி 16172. அதுவும் காரணி அன்று.

மூன்றாவதாக 42193-ஐ எடுத்தேன். கடைசிப் பெருக்கல் 20081 × 15477 = 310793637 என்று வந்தது. 42193 × 7366 = 310793638. ஒன்று கூடுதலாக வந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒன்று குறைவாக வந்து நிற்கிறது. கணக்கு முழுவதையும் மறுபடி போட்டேன்; அதே விடைதான்.

கோத்தகிரி ஆசிரியர்:

கணக்கு சரிதான், தம்பி. மீதி 1 வரவில்லை, −1 வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் 42193 வகுப்பது 2^2637 − 1-ஐ அன்று, 2^2637 + 1-ஐ. நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி நிற்கும் அண்டை எண்ணின் பகாக்காரணி ஒன்றைத் தாளிலேயே கண்டுபிடித்திருக்கிறாய். ஒருமுறை வர்க்கப்படுத்தினால் −1 மறைந்து 1 வந்துவிடும் என்பதால், 2^5274 − 1-க்கும் 42193 காரணியாகிறது. 15823-இன் கதையும் இதே வகைதான்: 1, 9106, 6716 ஆகிய மூன்றும் கூடி 15823 ஆவதால், அது 2^5274 + 2^2637 + 1-ஐ வகுக்கிறது, ஆகவே அடுக்கை மூன்று மடங்காக்கிய 2^7911 − 1-க்கு அது காரணி.

அண்டை எண்ணைப் பொறுத்தவரை, 2637 ஒன்பதின் ஒற்றை மடங்கு என்பதால் 2^9 + 1 = 513 அதை வகுக்கும். 513 = 27 × 19. மூன்றின் அடுக்கு அதோடு நிற்காது. அடுக்கான 2637-இல் ஒன்பது காரணியாக இருப்பதால், 2 + 1 தரும் ஒரு மூன்றோடு மேலும் இரண்டு மூன்றுகள் சேர்ந்து சரியாக 27 ஆகும், அதற்கு மேல் போகாது. ஆகவே 2^2637 + 1-க்கு 27, 19, 42193 ஆகியவை கையில் உள்ளன. 2^2637 − 1-க்கு 7, 73, 1759, பிறகு நிரலாளர் எழுதிய 26 இலக்க எண். 528 இலக்கத் துண்டில் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. தொடர விரும்புகிறவர்கள் 47467, 52741, 58015 ஆகிய மூன்றையும் தாண்டிவிடலாம். முதல் இரண்டும் எட்டின் வடிகட்டியில் விழுகின்றன, மூன்றாவது ஐந்தால் வகுபடுகிறது. 63289-இலிருந்து தொடங்குங்கள், ஆனால் வர்க்கப்படுத்தும் வேலையில் இறங்குவதற்கு முன் அது பகா எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.